கட்டாமல் விட்ட அபராதச் சீட்டும் கையில் வந்த நீதிமன்றத் தேதியும்

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

கேள்வி: பதினோரு மாதங்களுக்கு முன்பு, அலுவலக வேலையாகச் சென்றிருந்தபோது, நிறுத்தக் கூடாத பக்கத்தில் காரை நிறுத்திவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது வைப்பருக்கு அடியில் அபராதச் சீட்டு இருந்தது. பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அதை டாஷ்போர்டு அறைக்குள் போட்டதோடு மறந்துவிட்டேன். இதற்கிடையில் வீடும் மாறிவிட்டேன். சென்ற வாரம் பழைய வீட்டின் உரிமையாளர் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வழக்கு எண்ணும், இன்னும் பத்தொன்பது நாட்களில் நேரில் வர வேண்டும் என்று ஒரு தேதியும் குறிக்கப்பட்டுள்ளன. தொகையைக் கட்டிவிட்டால் போதுமா, நேரில் போக வேண்டுமா, வழக்கறிஞர் தேவையா, சிறைக்கு அனுப்பும் அளவுக்கு இது போகுமா? இரவில் தூக்கம் வரவில்லை.
– பெயரும் ஊரும் குறிப்பிடாத வாசகர்

பதில்: பத்தொன்பது நாட்கள் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆகவே பதற்றத்தை விடுங்கள். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். சீட்டைக் கட்ட மறந்தது சிறிய பிழை. தேதி கைக்கு வந்த பிறகும் போகாமல் இருந்துவிடுவதுதான் அந்தச் சிறிய பிழையைப் பல மடங்கு செலவாக மாற்றும். இத்தகைய சிக்கலோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அபராதத் தொகை ஒரு பாரமாக இருந்ததில்லை. உறையைப் பிரிக்கவே அஞ்சி, அதை அலமாரியில் செருகி வைத்த மாதங்கள்தான் பாரமாயின. நீங்கள் நாட்டைக் குறிப்பிடாததால், எங்கும் பொருந்தக்கூடிய வழியைச் சொல்லி, சட்டம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறேன்.

முதல் வேலை, அந்த உறையை அனுப்பியது யார் என்று நிதானமாகப் படித்துப் பார்ப்பது. பார்க்கிங் அபராதம் என்று நாம் பொதுவாகச் சொல்வது சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அன்று. சில நாடுகளில் அது குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் சிறு குற்றம். இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் அதை நடத்துகிறது. அதன் 177ஆவது பிரிவு, தனித் தண்டனை சொல்லப்படாத விதிமீறல்களுக்கு முதல் முறை 500 ரூபாய் வரையிலும் அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கிறது. வேறு சில இடங்களில் இது குற்றமாகவே கருதப்படாமல், உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் நிர்வாக அபராதமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் சீட்டை எதிர்ப்பவர் தனித் தீர்ப்பாயத்துக்குத்தான் போகிறார். டொராண்டோ நகரம் 2017 ஆகஸ்டில் பார்க்கிங் சீட்டுகளை நீதிமன்றத்திலிருந்தே எடுத்து நிர்வாக அபராத முறைக்கு மாற்றிக்கொண்டது. மூன்றாவது வகை, தனியார் நிலத்தில் வண்டியை நிறுத்தியதற்காக அந்த இடத்தை நடத்தும் நிறுவனம் கேட்கும் தொகை. அது அபராதம் அன்று, ஒப்பந்தத்தை மீறியதால் எழும் கடன். தனியார் சீட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடும் என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டி நின்ற காருக்கு ஒரு நிறுவனம் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமே 2015 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம் அமையும். வழக்கு எண்ணும் நேரில் வர வேண்டிய தேதியும் இருப்பதாகச் சொல்வதால், அது முதல் வகையைச் சேர்ந்த அழைப்பாணையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் நாளைக் காலையிலேயே அந்த நீதிமன்ற அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, வழக்கு எண்ணைச் சொல்லி, இன்றைய நிலவரப்படி மொத்தத் தொகை எவ்வளவு, தேதிக்கு முன்பே கட்ட வழி உண்டா, கட்டிவிட்டால் வழக்கு முடிந்ததாகப் பதிவாகுமா அல்லது அதன் பிறகும் நேரில் வர வேண்டுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வாய்தாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் இணையத்தில் தொகையைச் செலுத்திவிட்டு, எல்லாம் முடிந்தது என்று வீட்டிலேயே இருந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பணம் ஓர் அலுவலகத்தின் கணக்கில் சேர்ந்திருந்தது. வழக்குக் கோப்பு இன்னொரு அலுவலகத்தில் இருந்தது. பெயர் அழைக்கப்பட்டபோது யாரும் எழுந்து நிற்காததால் பிடியாணை பிறந்தது. அவர் கட்டிய ரசீதைக் காட்டி அதை நீக்குவதற்கு ஒரு மாதம் அலைய வேண்டியிருந்தது. ஆகவே வழக்கு முடிந்தது என்பதற்கு எழுத்து வடிவச் சான்று கைக்கு வராத வரை, தேதி உயிரோடு இருப்பதாகவே கொள்ளுங்கள்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆவது பிரிவின்படி, சிறைத் தண்டனை இல்லாத குற்றங்களுக்கான அழைப்பாணையில், குற்றம் சாட்டப்பட்டவர் நேரிலோ வழக்கறிஞர் மூலமோ வரலாம் என்றும், விசாரணைக்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் காட்டப்பட்ட தொகையை மணியார்டர் மூலம் அனுப்பி முடித்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் குறிப்பிட வேண்டும். பலர் முதல் பக்கத்திலுள்ள தேதியைப் பார்த்த அதிர்ச்சியில் இந்த வரிகளைப் படிப்பதே இல்லை. உங்கள் உறையிலுள்ள தாளின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

பணத்தைக் கட்டுவதற்கு முன்பு இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பல இடங்களில் தொகையைச் செலுத்துவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதே ஆகும். நியூயார்க் நகரத்தில் சீட்டைக் கட்டிவிட்டவர் பிறகு அதை எதிர்த்து வாதாட முடியாது. இங்கிலாந்திலும் கட்டியதோடு அந்த விவகாரம் மூடப்படும். எனவே எதிர்ப்பதற்கு உங்களிடம் உண்மையான காரணம் உண்டா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை மரக்கிளையால் மறைந்திருந்தது, சாலைக் கோடு அழிந்து போயிருந்தது, சீட்டில் எழுதிய வண்டி எண் உங்களுடையது அன்று, வண்டி பழுதாகி நகர்த்த முடியாமல் நின்றது, அன்று வண்டி திருடு போயிருந்தது போன்றவை கேட்கத் தகுந்த காரணங்கள்; அவற்றைப் புகைப்படம், பழுது நீக்கிய ரசீது, காவல் நிலையப் புகார் நகல் என்று ஏதாவது ஒன்றால் காட்டவும் வேண்டும். ஐந்தே நிமிடம்தான் நிறுத்தினேன், எல்லோரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள், தெரியாமல் செய்துவிட்டேன் என்பவை எதிர்வாதம் ஆகா. தொகையைக் குறைக்கும்படி கேட்கும்போது சொல்லத்தக்க விளக்கங்களாக மட்டுமே அவை நிற்கும். சீட்டில் பெயரின் எழுத்துப் பிழை போன்ற சிறு தவறுகளை நம்பி முழு வழக்கையும் கட்டி எழுப்பாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், தடை இருந்ததை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஆகவே கட்டி முடிப்பதே உங்களுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

ஆனாலும் காலக்கெடுவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இந்தியாவில் அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதங்களுக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்பது பொது விதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. பதினோரு மாதம் ஆகிவிட்டதே என்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அழைப்பாணை உங்கள் கைக்கு வந்த நாள் இதில் கணக்கில் வராது. வழக்கு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட நாளே கணக்கில் வரும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. தாக்கல் தேதியை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் அதை வைத்து வாதிடுவது முழுக்க முழுக்க நியாயமானது.

வீடு மாறியதைப் பற்றி ஒரு சொல். நீதிமன்றக் கடிதம் தாமதமாக வந்து சேர்ந்ததை விளக்க அது பயன்படும். வாடகை ஒப்பந்தமோ மின் கட்டண ரசீதோ எடுத்துச் செல்லுங்கள். ஆனால் சீட்டே கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் அதை உங்கள் கையாலேயே எடுத்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். உறுதிமொழியோடு எழுதித் தரும் எந்தத் தாளிலும் பொய் சேர்ந்தால், அந்தப் பொய் பார்க்கிங் சீட்டை விடப் பல மடங்கு கடுமையான குற்றமாகிவிடும். கையோடு வாகனப் பதிவு அலுவலகத்திலும் புதிய முகவரியைப் பதிந்துவிடுங்கள். அடுத்த கடிதமும் பழைய வீட்டுக்கே போனால் இம்முறைபோல அதைக் கொண்டுவந்து தர ஒரு நல்ல மனிதர் அங்கே இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக மட்டும் உங்களைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். அழைப்பாணையை மதிக்காமல் இருப்பது வேறு விஷயம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் நேரில் வராதவர்மேல் பிடியாணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கட்டப் பணமில்லை என்பதுதான் உங்கள் உண்மையான தயக்கம் என்றால், அதை நீதிபதியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அபராதத்தைத் தவணைகளில் கட்ட அனுமதிக்கும் வழி பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. போக்குவரத்து அபராதங்களைக் கட்ட முடியாத ஓர் ஏழையைச் சிறையில் அடைத்த வழக்கில், பணமில்லாத ஒரே காரணத்துக்காக அபராதத்தைச் சிறையாக மாற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொன்னது. ஆனால் வராதவருக்காக எந்த நீதிபதியும் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க முடியாது. வந்து நின்று கேட்பவருக்குத்தான் தவணை கிடைக்கும்.

வழக்கறிஞர் உங்களுக்குக் கட்டாயம் அன்று. ஒரே ஒரு சீட்டு, ஒப்புக்கொள்ளும் எண்ணம், கையில் தொகை என்றால் நீங்களே முடித்துக்கொள்ளலாம். ஓட்டுநர் வேலையை நம்பி வாழ்பவர், பல சீட்டுகள் சேர்ந்தவர், முன்பே பிடியாணை உள்ளவர் ஆகியோர் மட்டும் ஒரு முறையாவது வழக்கறிஞரையோ இலவசச் சட்ட உதவி மையத்தையோ கலந்துகொள்வது நல்லது. வாய்தா நாளில் அரை மணி நேரம் முன்பே போய், அன்றைய பட்டியலில் உங்கள் வழக்கு எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அழைப்பாணை, அசல் சீட்டு, அடையாள அட்டை, வண்டியின் பதிவுச் சான்று, முகவரி மாறியதற்கான சான்று, செலுத்திய ரசீது ஆகியவற்றை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். அழைத்ததும் எழுந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் முறை வர அரை நாள் ஆகலாம்; பேச்சு முடிய மூன்று நிமிடங்கூட ஆகாது.

கேள்வி: சென்ற ஆண்டு தைரியம் இல்லாமல் இதேபோன்ற ஒரு தேதிக்குப் போகாமல் இருந்துவிட்டேன். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை. அப்படியே விட்டுவிட்டால் காலாவதி ஆகிவிடும் என்று என் கணவர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: இல்லை, அம்மா. காலக்கெடு என்பது வழக்கைத் தொடங்குவதற்குத்தான். தொடங்கிய வழக்கில் பிறந்த உத்தரவு தானாகக் கரைந்து போவதில்லை. இந்தியச் சட்டப்படி ஒரு பிடியாணை, அதைப் பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையிலோ அது நிறைவேற்றப்படும் வரையிலோ செல்லுபடியாகும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இதே நிலைதான். இன்று யாரும் கேட்கவில்லை என்பதால் பாஸ்போர்ட்டுக்கான காவல் துறை விசாரணையின்போதோ வண்டியை விற்கும்போதோ கேட்கமாட்டார்கள் என்று சொல்ல முடியாது.

நீங்களாகவே முன்வந்து நிற்பதுதான் இதிலுள்ள மிகப் பெரிய நல்ல அம்சம். முதலில் நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கின் இன்றைய நிலையைக் கேளுங்கள். பிடியாணை இருந்தால், அதைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை ஒரு வழக்கறிஞர் மூலம் தாக்கல் செய்து, அன்றே நீங்களும் நேரில் நில்லுங்கள். இத்தகைய சிறு வழக்குகளில், பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் தானே வந்தவரையும் நீதிபதிகள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நீங்கள் இல்லாமலேயே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்திருந்தால், அதை நீக்கக் கோரும் மனுவுக்கு வராததற்கான காரணமும், தெரிந்தவுடன் விரைந்து செயல்பட்டீர்கள் என்பதும் முக்கியம். ஆகவே இந்தப் பதிலைப் படித்த பிறகு கழியும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எதிராகவே எண்ணப்படும். இங்கிலாந்தில் தனியார் பார்க்கிங் கடனுக்காக இப்படி ஒரு தீர்ப்பு வந்தால், ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டினால் நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேட்டிலிருந்து அது நீங்கும். இல்லையேல் ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்து, வீட்டுக் கடன் கேட்கும்போதெல்லாம் குறுக்கே நிற்கும். உங்கள் கணவரிடம் இதைக் காட்டுங்கள். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், துணை இருந்தால் அந்தப் படியேறுவது எளிதாக இருக்கும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு விற்ற ஸ்கூட்டருக்கு இப்போது என் பெயரில் அபராதச் சீட்டும் அழைப்பாணையும் வந்துள்ளன. வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை போலும். நான் ஏன் கட்ட வேண்டும்?
– பணி ஓய்வு பெற்ற வாசகர்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஐயா. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஓட்டுநர் இருப்பதில்லை; எனவே பெரும்பாலான நாடுகளின் பார்க்கிங் சட்டங்கள் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருகின்றன. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, வண்டி அதே மாநிலத்துக்குள் விற்கப்பட்டால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடமையை விற்பவர்மேல்தான் சுமத்துகிறது. வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்ட படிவங்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். அதன் விலையைத்தான் இப்போது நீங்கள் கொடுக்கிறீர்கள்.

அதற்காக உடனே கட்டிவிடவும் வேண்டாம். விற்பனைக் கடிதம், பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், வண்டியை ஒப்படைத்த ரசீது, வாங்கியவரின் அடையாள நகல் ஆகியவற்றில் எது இருந்தாலும் சேர்த்து, விற்ற தேதியைக் குறிப்பிட்டு, அழைப்பாணை அனுப்பிய நீதிமன்றத்துக்கும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வண்டியைப் பயன்படுத்தியவரின் விவரத்தைக் கேட்டால் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை என்று அதே சட்டத்தின் 133ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களாகவே அதைக் கொடுத்தால் உங்கள் நிலை வலுப்படும். குறித்த தேதிக்கு நேரில் போய் இதையே சொல்லுங்கள். பெயர் மாற்றத்தையும் இந்த வாரமே தொடங்குங்கள், ஏனென்றால் இன்று வந்தது பார்க்கிங் சீட்டு. அந்த ஸ்கூட்டர் நாளை ஒரு விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியுள்ள நிலையில், இழப்பீட்டுக் கோரிக்கையும் உங்கள் வாசலுக்கே வரும்.

கேள்வி: அபராதம் கட்டாததால் நாளை நீதிமன்றத்தில் வழக்கு என்று அலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதிலேயே பணம் கட்டும் இணைப்பும் இருக்கிறது. கட்டலாமா?
– ஒரு கல்லூரி மாணவர்

பதில்: அந்த இணைப்பைத் தொடவே தொடாதீர்கள், தம்பி. நாளை வழக்கு, இன்றிரவுக்குள் கட்டு என்று நெருக்குவது ஏமாற்றுக்காரர்களின் வழக்கம். வழக்கமான நீதிமன்ற நடைமுறையில் வழக்கு எண்ணும், நீதிமன்றத்தின் பெயரும், தயாராக அவகாசமும் இருக்கும். அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தின் முகவரியை நீங்களே தட்டெழுதித் திறந்து, வண்டி எண்ணை இட்டுப் பாருங்கள். உண்மையான சீட்டு என்றால், எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் என்ற விவரத்தோடு அங்கே இருக்கும். இருந்தால் அங்கேயே கட்டி ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். செய்தியோடு ஏதாவது செயலிக் கோப்பு வந்திருந்தால் திறக்காமல் நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் புகார் பதிவானால் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.